பீரங்கிக்கு அக்கா இல்லை

அன்றைக்குக் கோட்டை மேல் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் அக்கா, அக்காவின் புருஷன். இருந்திருக்க வேண்டிய ஒருவன் இல்லை. என்னோடு கல்லூரியில் படித்தவன், தியாகதுருகம் மலையடிவாரத்துக்காரன். பஸ் நிற்கும் இடத்தில் காத்திருக்கிறேன், கோட்டையை நானே சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தான். அவர்கள் வீட்டுக் கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்துவிட்டதால் விடியற்காலையிலேயே டிராக்டரோடு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போய்விட்டான். அது எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு நாங்களே ஏறத் தொடங்கினோம். அவன் வந்திருந்தால் அன்று யார் உடம்பிலும் அடி விழுந்திருக்காது.

நான் கல்வராயன் மலையில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியிலேயே வளர்ந்து, கள்ளக்குறிச்சியில் அறை எடுத்து வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள் ஜெராக்ஸ் கொடுத்திருந்தார். பிரெஞ்சு தேசத்தில் இடைக்காலத்தில் கட்டிய ஒரு கோட்டையின் படம். அகழி, தூக்குப் பாலம், வட்டக் கோபுரம் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருந்தது. பக்கத்தில் இருக்கும் கோட்டை ஒன்றுக்குப் போய், இந்தப் படத்தில் இருப்பது எது அங்கே இருக்கிறது, இல்லாதது ஏன் இல்லை என்று எழுதி வரச் சொன்னார். தியாகதுருகம் கோட்டை கொஞ்ச காலம் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது என்றும் சொன்னார். அவர்கள் கையில் இருந்தது என்றால் அவர்கள்தான் கட்டியிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். படத்தில் உள்ள எல்லாமும் அங்கே இருக்கும் என்று நம்பித்தான் போனேன்.

அக்காவும் மாமாவும் அதற்கு முந்தின நாள் சாமை விற்க மலையிலிருந்து இறங்கியிருந்தார்கள். விற்றுவிட்டுக் கிணற்றுக்கு ஒரு நைலான் கயிறும் சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் வாங்கி வைத்திருந்தார்கள். காலிச் சாக்குகள் மூன்று. நான் கோட்டைக்குப் போகிறேன் என்றதும் அக்கா சாக்குகளை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"இத்தினி வருசமா நீ படிக்கிற படிப்பு இன்னான்னு நானும் ஒருவாட்டி பாக்கணும்டா."

"படிப்பு கல்லுலயா கீது?" என்றார் மாமா. "சரி வா, பாத்துட்டு மூணு மணிக்குள்ள பஸ்ஸப் புடிச்சிடணும். அத்த வுட்டா மலைக்கு வேற பஸ் இல்ல."

ஏறும்போதே நான் ஜெராக்ஸைப் பிரித்துவிட்டேன். அகழி இல்லை. மலையே செங்குத்தாக நிற்கும்போது அகழி எதற்கு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். தூக்குப் பாலம் இல்லை. வாசல் மட்டும் நேராக இல்லாமல் உள்ளே நுழைந்ததும் சட்டென்று திரும்பியது. யானையை ஓடவிட்டுக் கதவை முட்ட முடியாதபடி இப்படி மடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அக்காவுக்கு விளக்கினேன். அவள் அந்த மடிப்பில் நின்று மேலே பார்த்தாள். மேலே மதிலின் ஓரம் தெரிந்தது.

"இங்க வந்து மாட்னான்னா மேலேர்ந்து கல்லப் போட்டுடலாம் போலக்கீதே."

"அதேதான்க்கா. பதினாலாம் நம்பர். அதுக்குன்னே தனியா ஓட்டை வெச்சிருப்பாங்க. கொதிக்கிற எண்ணெய ஊத்துவாங்க."

"எண்ணெய்யா? எண்ணெ விக்கிற வெலைக்கு அத்த ஊத்துவானுங்களா? கல்லே போதும்டா."

மாமாவுக்குப் பதினொன்றாம் எண்தான் பிடித்திருந்தது. மதிலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கல் அறை. நடுவில் ஓட்டை. சிப்பாய்கள் அதில் உட்கார்ந்து காலைக்கடன் கழிப்பார்கள், எல்லாம் வெளியே அகழியில் விழும்.

"எதிராளி மேலயேவா? இது எண்ணெய வுட பெஸ்ட்டு," என்று படியில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு அந்த ஓட்டையைத் தேடிக்கொண்டே வந்தார். பாறையில் வெட்டிய குளம், தானியம் வைத்திருந்த கட்டடம், வெடிமருந்து வைத்ததாகச் சொல்லும் இருட்டறை எல்லாவற்றையும் பார்த்தோம். ஒவ்வோர் இடத்திலும், "இதுவா பதினொண்ணு?" என்று கேட்டார்.

உச்சியில் வடக்கு மதில் பக்கமாக ஒரு பீரங்கி கிடந்தது. மதிலில் சாய்வாக ஓர் ஓட்டை. துப்பாக்கி வைத்துக் கீழே சுவர் ஏறுகிறவனைச் சுடுவதற்கு. அதைத்தான் மாமாவுக்குக் காட்டினேன். என் கேடுகாலம். "இதுல கண்ண வெச்சிப் பாருங்க மாமா, மதிலோட அடி வரைக்கும் தெரியும்."

பார்த்தார். கண்ணை எடுக்கவே இல்லை. "ஏழு அடை," என்றார்.

மதிலுக்குக் கீழே பாறை உள்வாங்கியிருந்த இடத்தில் மலைத்தேனீ அடைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலம்.

எங்கள் மலையில் ஒரு கட்டு உண்டு. தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்கு மேலே நின்று கயிறு பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியோடு பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. அவர்களுக்குள் பங்கு போட நிலம் இருக்கிறது. மச்சான் கயிற்றை விட்டால் தாலி அறுப்பவள் அவன் அக்காவோ தங்கையோதான், அதனால் விடமாட்டான் என்பது கணக்கு. அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் விடுதியிலும் கள்ளக்குறிச்சியிலும் இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால், பெண் கொடுக்கும் முறையுள்ள வேறு ஒருவன் பிடித்த கயிற்றில் இறங்கி நல்ல பேர் வாங்கியவர் மாமா. கல்யாணத்துக்குப் பிறகு நாலு வருஷம் ஓர் அடையைத் தொடவில்லை. மற்றவர்கள் இறங்குவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுக் கயிறு கீது. பக்கெட்டு கீது. மச்சான் கீறான்," என்று விரல் விட்டு எண்ணினார். "இன்னும் இன்னா வேணும்?"

"பட்டப்பகல்ல யாரு தேன் எடுப்பா? சாயங்காலமாத்தானே எறங்குவ?" என்றாள் அக்கா.

"சாயங்காலம் வரைக்கும் நில்லுன்னு பஸ்ஸுக்கு யாரு சொல்றது?"

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அக்காவும் என் முகத்தைத்தான் பார்த்தாள். மாமா கெஞ்சவில்லை. "நாலு வருசமா மச்சான் இல்லாதவன் மாதிரி திரியறேன்," என்று மட்டும் சொன்னார்.  சரி, கயிற்றைப் பீரங்கியில் இறுக்கி முடிச்சுப் போட்டுவிடலாம், என் கையைவிட அது பலம் என்றேன்.

"பீரங்கிக்கு அக்கா கீறாளா?" என்றார். "முடிச்சுக்கு இன்னா தெரியும்? நான் ஒரு இய்ப்பு இய்த்தா வுடணும், ரெண்டு இய்ப்புன்னா நிக்கணும், மூணுன்னா மேல வர்றேன்னு அர்த்தம். ஒரு சுத்து மட்டும் சுத்திக்க. மீதி உன் கையி."

ஆகவே பீரங்கியில் ஒரு சுற்று. கயிற்றின் ஒரு முனை மாமா இடுப்பில், மறுமுனை என் இடுப்பில். ஆளுக்கொரு சாக்கை முகம் மறையத் தலையில் கவிழ்த்துக்கொண்டோம், இழை இடுக்கு வழியாகப் பார்க்கலாம். காய்ந்த புல்லைச் சுற்றிப் பச்சைத் தழை வைத்துக் கட்டினார். பற்றவைக்கக் காகிதம் வேண்டுமென்றார். ஜெராக்ஸின் இரண்டாவது தாளைக் கொடுத்தேன். அதில் எண்களுக்கான விளக்கம் இருந்தது.

இறங்குவதற்கு முன் மதில் ஓரம் நின்று, "வர்றோம், ஒதுங்கு," என்று மூன்று முறை குரல் கொடுத்தார். அது தேனீக்குச் சொல்வது. எங்கள் மலையில் தேன்பாறைக்குக் கீழே காடுதான் இருக்கும், மனுஷர் இருக்கமாட்டார்கள். கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் வழக்கமே எங்களுக்கு இல்லை. மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

வடக்கு மதிலுக்கு நேர் கீழே, புதருக்கு அந்தப் பக்கம், ஓர் ஆட்டுப்பட்டி இருந்தது.

கயிறு ஒரு முறை இழுபட்டது, விட்டேன். மறுபடி ஒன்று, விட்டேன். நைலான் கயிறு உள்ளங்கையில் சூடு போட்டுக்கொண்டே போனது. இரண்டு இழுப்பு. நின்றேன். புகை மதிலுக்கு மேலே எழும்பி வந்தது. அதற்குப் பின்னால் தேனீ வந்தது. அந்தச் சத்தத்தை மோட்டார் சத்தம் என்று சொல்லலாம், ஆனால் மோட்டார் கழுத்துக்குள் நுழையாது. கழுத்தில், மணிக்கட்டில், காதுமடலில், சாக்கின் இழை வழியாக உதட்டில் கொட்டியது. கை இரண்டும் கயிற்றில் இருந்ததால் ஒன்றைக்கூடத் தட்டிவிட முடியவில்லை.

அப்போது கீழே ஆடுகள் கத்தின. ஆடு அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அக்கா மதிலில் வயிறு பதிய எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, பட்டிடா. பட்டி மேல எறங்கிக்கினு போவுது. ஆடெல்லாம் வுயுந்து வுயுந்து ஒதைக்குது. ஐயையோ, ஒரு பொம்பள. பொம்பள ஓடுது. வுயுந்துட்டா."

மாமாவுக்குக் கேட்கும்படி கத்தினாள். அவர் புகைக்குள் இருந்தார். கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில், சற்றுக் கீழே நாங்கள் நுழைந்த வாசல் பக்கம் ஆள் ஓடிவரும் சத்தம். இரண்டு பேர். அண்ணன் தம்பி என்று பின்னால் தெரிந்தது. ஒருவன் கையில் கம்பு, இன்னொருவன் கையில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் தொரட்டி, நுனியில் வளைந்த அரிவாள் கட்டிய நீளக் கழி. துண்டால் முகத்தை மூடியிருந்தார்கள். "எவன்டா பொகை போட்டது, எவன்டா அது?" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். அக்கா என்னையும் கயிற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வாசல் திரும்பும் இடத்துக்கு மேலே ஓடினாள். படத்தில் பதினாலாம் எண் காட்டும் வேலையை அவள் செய்தாள். முதல் கல் தரையில் விழுந்து உடைந்தது. இரண்டாவது கல் மூத்தவன் தலையில் விழுந்தது. தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது. அவன் உட்கார்ந்தான், எழுந்தான், இரத்தம் கண்ணில் வழிய மேலே ஏறிவந்தான். அக்கா மூன்றாவது கல்லைத் தூக்குவதற்குள் இளையவன் அவள் கூந்தலைப் பிடித்துத் தரையில் அடித்தான். அவள் அவன் கணுக்காலைக் கடித்துக்கொண்டு விடவில்லை. அவன் அவளை உதைத்தான். எங்கே என்று பார்க்காமல் உதைத்தான்.

மூத்தவன் என்னிடம் வந்தான். கயிற்றின் மேல் குனிந்திருந்ததால், சாக்குக்குக் கீழே அவன் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்தக் காலில் பத்துப் பதினைந்து தேனீ ஒட்டியிருந்தன.

"வுடுடா கயித்த."

"கீய ஆள் கீதுங்க. எங்க மாமாங்க. தொங்கிகினு கீறாருங்க."

"தொங்கறானா? வுடு. வுயுந்து சாவட்டும். என் பொண்டாட்டி அங்க கெடக்குறா."

கம்பு முதலில் என் முதுகில் விழுந்தது. பிறகு தோளில். சாக்கு கொஞ்சம் தாங்கியது. நான் கயிற்றை விடவில்லை என்று கண்டதும் கையைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தான். இடது கையில் இரண்டு விரல் முறிந்ததை வலியாக உணரவில்லை, அந்த விரல்கள் கயிற்றைப் பிடிக்கவில்லை என்றுதான் உணர்ந்தேன். கயிறு ஒரு முழம் வழுக்கியது. பீரங்கியைச் சுற்றியிருந்த சுற்று அதை நிறுத்தியது. நான் பீரங்கி மேல் குப்புற விழுந்து கயிற்றை வயிற்றுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டேன். அதன் பிறகு எத்தனை அடி என்று எண்ணவில்லை. மண்டையில் ஒன்று விழுந்தது. வாந்தி வந்தது. வாந்தி எடுத்துக்கொண்டே கிடந்தேன்.

மூன்று இழுப்பு வந்தது. மாமா மேலே வருகிறார்.

மேலே வருகிறவனுக்குக் கயிற்றைச் சுருட்டிக் கொடுக்க வேண்டும். முறியாத கையாலும் பல்லாலும் சுருட்டினேன். அடித்துக்கொண்டிருந்தவனே அதைப் பார்த்து ஒரு நொடி கம்பை நிறுத்தினான். அவனுக்கும் மூச்சு வாங்கியது. நெற்றி இரத்தத்தைத் துண்டால் துடைத்தான்.

மாமா மதில் மேல் வந்தபோது அவர் முகம் அவருடையதாக இல்லை. உதடு, இமை எல்லாம் ஒன்றாக வீங்கியிருந்தது. கையில் அடை அறுக்கும் கத்தி. தேன் வழிந்து முழங்கை வரை பளபளத்தது. மதிலிலிருந்து உள்ளே குதித்ததும் அவர் பார்த்தது என்னை அல்ல, அக்காவை. இளையவன் அவள் தலைமயிரை இன்னும் பிடித்திருந்தான். தொரட்டி அவன் மறு கையில் இருந்தது.

மாமா கத்தவில்லை. சத்தமே இல்லாமல், கத்தியை வயிற்று உயரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தார். பன்றியைக் குத்தப் போகும்போது அவர் அப்படி நடந்து பார்த்திருக்கிறேன். ஆறு எட்டு வைத்தார். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் குத்தியிருப்பார். குத்தினால் அந்த ஆள் செத்திருப்பான். மாமா ஜெயிலுக்குப் போயிருப்பார்.

கயிறு இன்னும் அவர் இடுப்பில்தான் இருந்தது. நான் இழுத்தேன்.

இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து, பீரங்கியில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். மாமா பின்னால் மடங்கி மண்டியிட்டு விழுந்தார். கத்தி கல்லில் தெறித்துப் போனது. இளையவன் அவர் பாய்வதாகவே நினைத்துத் தொரட்டியை வீசிவிட்டான். அவர் நின்றிருந்தால் அது நெஞ்சுக்கு வந்திருக்கும். விழுந்ததால் முகத்துக்கு வந்தது. இடது கண்ணில்.

மாமா அலறியதும் எல்லாம் நின்றுவிட்டது. இளையவன் தொரட்டியைக் கீழே போட்டான். "நான் வேணும்னு செய்யல, நான் வேணும்னு செய்யல," என்று அவனே அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா மாமாவிடம் தவழ்ந்து போனாள். மூத்தவன் என் தலையிலிருந்த சாக்கை உருவினான். என்னைப் பார்த்ததும் அவனுக்குக் கம்பு பிடித்த கை இறங்கிவிட்டது.

"நீ... எங்க நடுத் தம்பி புள்ளையோட படிக்கிறவன்தானே? பொங்கலுக்கு வூட்டுக்கு வந்தியே."

வந்திருந்தேன். இவர்தான் எனக்கு இரண்டாம் முறை பொங்கல் வைத்து, வேண்டாம் என்று மறைத்த கையை விலக்கி மூன்றாம் முறையும் வைத்தவர். பஸ் நிற்கும் இடத்தில் நான் காத்திருந்தது இவர் தம்பி மகனுக்காகத்தான்.

கீழே இறங்கினோம். யாரும் யாரையும் அடிக்கவில்லை. மாமாவை இளையவனே முதுகில் சுமந்தான். மடக்கு வாசலில் மூத்தவரின் இரத்தம் சொட்டிக் கிடந்தது, அதை மிதித்துக்கொண்டு போனோம். பட்டியில் ஒன்பது ஆடு கால் விறைத்துக் கிடந்தன. மூத்தவரின் மனைவி மூச்சு விட முடியாமல் நீலம் பாய்ந்திருந்தாள். ஒரே வேனில் எங்கள் எல்லோரையும் கள்ளக்குறிச்சிக்கு ஏற்றினார்கள். வழியெல்லாம் அந்த அம்மாளின் தலை அக்காவின் மடியில் இருந்தது. வேறு இடம் இல்லை.

அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் என் நண்பன் ஆலையிலிருந்து நேராக வந்தான். சட்டையெல்லாம் கரும்புச் சோகைத் தூசி. ஒரு பக்கம் அவன் பெரியம்மா, மறு பக்கம் நான். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். "நான் வந்திருந்தா, வடக்கு மதிலுக்குக் கீய எங்க பட்டின்னு சொல்லியிருப்பேனேடா," என்றான். 

மாமாவின் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கட்டு அவிழ்த்த பிறகு ஒரு நாள், நான் இழுத்தது தப்பா மாமா என்று கேட்டேன். 

"நீ கயித்த வுடல. அத்த ஊரெல்லாம் சொல்லிகினுதான் கீறேன். நீ இய்க்கலன்னா அவன் கொடலு அங்க கெடந்திருக்கும், அதுவும் தெரியும் மச்சான். ஆனா கண்ணு என்னுது."

அதன் பிறகு அவர் பாறையில் இறங்கவில்லை. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் சரியாகத் தெரியவில்லை என்றார். கோட்டையைப் பற்றிய கட்டுரையை நான் எழுதிக் கொடுத்தேன். படம் இருந்த முதல் தாள் மட்டும் மிச்சம் இருந்ததால் எண்களுக்கான விளக்கத்தை ஞாபகத்திலிருந்து எழுதினேன். பதினாலாம் எண்ணுக்கு எதிரே "இருக்கிறது" என்று எழுதினேன்.

போலீசுக்குப் போக வேண்டாம் என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினோம். தப்பு எங்கள் மேல் தொடங்கியது என்பதை மாமாவே முதலில் ஒப்புக்கொண்டார். செத்த ஆடு, அந்த அம்மாளின் வைத்தியம், மூத்தவர் தலையில் போட்ட தையல் எல்லாவற்றையும் கூட்டினார்கள். எங்கள் பக்கத்துக்கு என் விரலும் அக்காவின் விலா எலும்பும் வந்தன. கண்ணுக்கு என்ன போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பெரியவர், ஐந்து ஆட்டுக்குச் சமமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். மாமா தலையசைத்தார். அந்தக் கண்ணைக் கழித்துக்கொண்டது போக, நாங்கள் கட்டியது ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.